வாடகையில் வீட்டுக்கும் ஒரு பங்கு

“மாசம் இருபதாயிரம் சும்மா வருது சித்தி” என்றான் அக்கா மகன். மேடவாக்கத்தில் கடன் போட்டு வாங்கிய ஃபிளாட்டுக்குப் போன மாதம் ஆள் வந்துவிட்டார்கள். முதல் வாடகையும் அட்வான்ஸும் கைக்கு வந்த சந்தோஷம் குரலிலேயே தெரிந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒன்று கேட்டேன்.

“அதுல வீட்டுக்கு எவ்வளவுடா எடுத்து வச்சே?”

“வீட்டுக்கா? எந்த வீட்டுக்கு?”

“வாடகை சம்பாதிச்சுக் குடுக்குற அந்த வீட்டுக்குத்தான்.”

அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதி வைக்கிறேன். முதல்முறையாக வீட்டை வாடகைக்கு விடுகிற வேறு யாருக்காவது பயன்படட்டும்.

மடிப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீடு அப்பா கட்டியது. கீழே நாங்கள் இருக்கிறோம். மேல்மாடியும், பின்பக்கம் ஒற்றைப் படுக்கையறை உள்ள சின்னப் போர்ஷனும் வாடகைக்கு. 2012-லிருந்து இரண்டையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்த வருடம் தொடங்கிய ஒரு நீளக் கணக்கு நோட்டு இன்னமும் ஓடுகிறது. குழாய்க்கு வாஷர் வாங்கிய காசுகூட அதில் ஏறியிருக்கும். கீழே வரும் தொகைகள் அந்த நோட்டில் இருப்பவை. உங்கள் வீட்டுக்குக் கூடவோ குறையவோ ஆகலாம்.

அந்த நோட்டைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது, செலவு சீராக வருவதே இல்லை என்பதுதான். தொடர்ந்து மூன்று வருடம், வருடத்துக்குப் பதினைந்தாயிரத்தைத் தாண்டவில்லை. நாலாவது வருடம் மொட்டை மாடித் தளம் மட்டும் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைக் கொண்டுபோனது. அந்த மூன்று நல்ல வருடங்களிலும் நான் வாடகை முழுவதையும் வீட்டுச் செலவோடு கலந்து செலவழித்துவிட்டேன். நாலாவது வருடம் கொத்தனாருக்குக் கொடுக்க நகையை எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. வீடு அந்த மூன்று வருடமும் தேய்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. பில் மட்டும் மொத்தமாக வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வாடகை வந்த அன்றே ஐந்தில் ஒரு பங்கைத் தனி சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டே வாங்கவில்லை. மேல்மாடி வாடகை 18,000 என்றால் 3,600 வீட்டுக்கு. வருடத்துக்கு 43,200. சொத்து வரி, டேங்க் கழுவுவது, மோட்டார் ரிப்பேர், நாலு வருடத்துக்கு ஒரு பெயிண்ட், வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் அதிலிருந்துதான். புது ஃபிளாட்டுக்கு முதல் ஐந்து வருடம் இவ்வளவு ஆகாது என்று அக்கா மகன் சொன்னான். ஆகாதுதான். ஆனால் லிஃப்ட்டும் ஜெனரேட்டரும் பழசாகும்போது சங்கத்திலிருந்து வரும் நோட்டீஸை அந்த ஐந்து வருட மிச்சம்தான் தாங்க வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்குவது நெடுநாள் பழக்கம். கையில் மொத்தமாக ஒன்றரை லட்சம் வரும்போது அது நம் பணம் மாதிரியே தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல் குடித்தனக்காரர்கள் கொடுத்ததைப் பையனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கட்டினேன். ஒன்றரை வருடத்தில் அவர்களுக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. ஒரு மாத நோட்டீஸ் முறையாகக் கொடுத்தார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகு பழையவர்களுக்குத் திருப்பலாம் என்று நான் போட்டிருந்த கணக்கு பொய்த்தது. சாமான் ஏற்றிய வேன் வாசலில் நிற்க, அந்த அம்மா என்னிடம், “மீதி எப்ப குடுப்பீங்க?” என்று கேட்டார். இன்றைக்கும் அந்தக் கேள்வி காதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை வாங்கக் கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். நான் இப்போது மூன்று மாதம்தான் வாங்குகிறேன். எதற்காக இந்தத் தொகை என்று யோசித்தால் மூன்று போதும்: ஒரு மாத வாடகை பாக்கி, இரண்டு மாத கரண்ட் பில், உடைந்தது ஏதாவது இருந்தால் அதைச் சரிசெய்ய. இதற்கு மேல் வாங்குவது, வட்டியில்லாமல் அவர்களிடம் கடன் வாங்குவது போலத்தான். வாங்கிய மூன்றையும் வங்கியில் குடித்தனக்காரர் பெயரைக் குறித்து ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டுவிடுகிறேன். குறைந்த அட்வான்ஸ் என்பதாலேயே நல்ல குடும்பங்கள் கேட்டு வருகின்றன. கல்யாணமாகிப் புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்களிடம் ஒன்றரை லட்சம் எங்கே இருக்கும்?

அதே சட்டத்தின் இரண்டாவது அட்டவணையை வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். கட்டடத்தின் அடிப்படைப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம், குழாய் வரிசையை மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளருடையது. டேப், வாஷர், கழிவறை, வாஷ்பேசின், கீசர், ஸ்விட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவருடையது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரியும் எழுதிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதி ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு “இது உங்க செலவா, எங்க செலவா” என்ற பேச்சே எழவில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாகவும் வேண்டும். பதினோரு மாதம் என்று போட்டால் பதிவு வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். அது பழைய கதை. பதிவு இணையத்திலேயே முடிகிறது.

ஆனால் பட்டியல் இப்படிச் சொன்னாலும் தண்ணீர் சம்பந்தப்பட்ட எதையும் நான் குடித்தனக்காரர் தலையில் விடுவதில்லை. செலவு என் கையிலிருந்து போனாலும் சரி, அன்றைக்கே ஆளை வரவழைப்பேன். காரணம் இருக்கிறது.

மேல்மாடி ஹாலில் தெற்குச் சுவரில் ஒரு ஓதம். முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பூத்துப் பொரிந்து நிற்கும். பெயிண்டர் வந்தார், சுரண்டினார், பட்டி பார்த்தார், பிரைமர் அடித்து எமல்ஷன் பூசினார். அடுத்த மழைக்கு மறுபடி பொரிந்தது. இப்படி மூன்று தடவை. மூன்றுக்கும் சேர்த்து 19,000 என்று நோட்டில் இருக்கிறது. நாலாவது தடவை வந்த கொத்தனார் அண்ணன் பிரஷைத் தொடுவதற்கு முன் சுவரின் மறுபக்கம் போய் நின்றார். அது குளியலறை. கமோடுக்குப் பின்னால் டைல்ஸ் இணைப்பில் சிமென்ட் போயிருந்தது. உள்ளே புதைத்த குழாயின் எல்போ ஒன்றில் கசிவு. “தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாக்காம பெயிண்ட் அடிச்சா, காசை சுவத்துல அடிக்கிற மாதிரிம்மா” என்றார். எல்போவுக்கும் நாலு டைல்ஸுக்கும் கூலியோடு ஆனது 3,200 ரூபாய். ஒரு மாதம் சுவரைக் காயவிட்டு, பிறகு பூசினோம். இன்றுவரை அந்த இடம் உலர்ந்தே இருக்கிறது.

சென்னை வீட்டுக்கு வரும் பெரிய செலவுகளில் பல தண்ணீரில்தான் தொடங்குகின்றன. தளத்தில் தேங்கும் மழைத்தண்ணீர் மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் உப்பும். உப்பினால் அதைச் சுற்றியிருக்கும் காரை கழன்று விழும். சன்ஷேடின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும் வீடுகள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன. கடற்காற்று அடிக்கும் பக்கம் இன்னும் சீக்கிரம் ஆகும். விரிசல் தலைமுடி அளவில் இருக்கும்போது அடைக்கச் சில நூறு ரூபாய். கம்பி தெரிந்த பிறகு பல ஆயிரம். கீழே யாராவது நிற்கும்போது விழுந்துவிட்டால் பணத்தால் ஈடுகட்ட முடியாது.

அதனால் மொட்டை மாடிக்கு என்று ஒரு காலண்டர் வைத்திருக்கிறேன். தளத்தில் செய்ய வேண்டிய பெரிய வேலை எதுவானாலும் மாசி, பங்குனியில். வெயில் நன்றாகக் காயவைக்கும், கொத்தனார் கொடுக்கும் தேதியும் மழையால் தள்ளிப்போகாது. ஐப்பசியில் ஒழுக ஆரம்பித்த பிறகு ஆளைக் கூப்பிட்டால் அவர் கேட்பதுதான் கூலி. அப்போது செய்கிற வேலையும் நிற்காது. புரட்டாசி பிறந்ததும் மாடியைப் பெருக்கி, மழைநீர் இறங்கும் குழாய் வாயில் அடைத்திருக்கும் இலை, தேங்காய் நார், காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கீழே மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். 2003-ல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கியபோது தோண்டிய குழிகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. எங்களுடையதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தூர்வாரி ஜல்லியை மாற்றுகிறேன். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு தெருவே லாரிக்குக் காத்திருந்தபோது எங்கள் கிணற்றில் காலையில் அரை மணி நேரமாவது தண்ணீர் ஊறியது. அந்த வருடம் தண்ணீர் இல்லை என்று காலி செய்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. எங்கள் மேல்மாடிக்காரர்கள் போகவில்லை.

மாடியில் இன்னொன்றும் பாருங்கள். கைப்பிடிச் சுவர் இடுக்கில், குழாய் செருகிய ஓட்டையில், அரசங்கன்று முளைத்திருக்கும். பறவை எச்சத்தில் வந்த விதை. விரல் நீளம் இருக்கும்போது வேரோடு கையால் பிடுங்கிவிடலாம். ஒரு வருடம் விட்டால் சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

உள்ளே நான் செய்கிற சோதனை ஒன்று உண்டு. ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்து ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைக் கரைத்துவிடுங்கள். இருபது நிமிஷம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. அதற்குள் கீழே கிண்ணத்தில் மஞ்சள் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் இரவும் பகலும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். சொட்டும் குழாய்க்கும் அப்படித்தான். எங்கள் பின்பக்கப் போர்ஷனில் ஒரு டேப்புக்கு அடியில் இரவு வாளியை வைத்தேன். காலையில் பதினைந்து லிட்டர் வாளி நிறைந்திருந்தது. பகலுக்கும் அதே அளவு என்றால் ஒரு நாளைக்கு முப்பது லிட்டர், மாதத்துக்குத் தொள்ளாயிரம். லாரித் தண்ணீர் வாங்கும் மாதத்தில் அது நேராகப் பணம். மோட்டார் ஓடும் கரண்ட் தனி.

கரண்ட் என்றதும் மீட்டர் நினைவுக்கு வருகிறது. பின்பக்கப் போர்ஷனுக்குத் தனி மீட்டர் இல்லாமல்தான் ஆரம்பத்தில் விட்டிருந்தோம். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினோம். இரண்டு மாதத்துக்கு ஒரு வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கான சலுகையும் குறைந்துவிடும். இரண்டு குடும்பத்தின் பயன்பாடு ஒரே மீட்டரில் ஓடினால் 500 சுலபமாகத் தாண்டும். சிக்கனமாக இருக்கும் குடும்பமும் ஏசி போடுகிறவர்களின் படிக்கணக்கில் மாட்டிக்கொள்ளும். நாங்கள் வாங்கிய தொகை நியாயமானது என்று அப்போது நினைத்தேன். அந்தப் போர்ஷனில் ஒரு நர்ஸ் பெண் தனியாக இருந்தாள். மாதத்தில் பாதி நாள் இரவு டியூட்டி. தனி இணைப்பு இருந்திருந்தால் அவளுக்குப் பில்லே வந்திருக்காது. அது புரிந்த அன்று தனி இணைப்புக்கு விண்ணப்பம் போட்டேன். செலவு ஆனதுதான். இப்போது அவரவர் பில்லை அவரவர் கட்டுகிறார்கள், என் நோட்டில் அந்தப் பத்தியே இல்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. மூன்று மாடிக்கு மேற்படாத, பத்து வீடுகளுக்கு உட்பட்ட, லிஃப்ட் இல்லாத கட்டடங்களின் பொதுப் பயன்பாட்டு மின்கட்டணத்தை 2023 அக்டோபரில் குறைத்தார்கள். உங்கள் கட்டடம் அதில் வருகிறதா, பில் அந்தக் கணக்கில்தான் வருகிறதா என்று சங்கத்தில் ஒருமுறை கேளுங்கள். குடித்தனக்காரர் காலி செய்யும் நாளில் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் அவர்கள் போன பிறகுதான் கணக்கு வரும்.

ஒயரிங்கில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு வந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விட வேண்டும். கீசரும் ஏசியும் பழைய ஒயரில் ஓடினால் ஒயர் சூடாகும். அங்கே தூங்குவது இன்னொருவருடைய குழந்தைகள்.

இனி, நான் அதிகம் இழந்த இடம். அது எந்தக் குழாயிலும் இல்லை.

2017-ல் மேல்மாடியில் நாலு வருடமாக ஒரு குடும்பம் இருந்தது. வாடகை 14,000. ஐந்தாம் தேதி தாண்டாமல் வந்துவிடும். தெருவில் மற்ற வீடுகள் 16,000-க்குப் போகின்றன என்று புரோக்கர் சொன்னார். நான் 16,000 கேட்டேன். அவர்கள் 15,000 வரை தருகிறோம் என்றார்கள். நான் இறங்கவில்லை. ஆனிக் கடைசியில் காலி செய்தார்கள். அடுத்த நாளே ஆடி பிறந்தது. ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? வீட்டைப் பார்க்கக்கூட ஒருவரும் வரவில்லை. ஆவணி பாதி ஓடிய பிறகு விசாரிக்க வந்தார்கள். பேசி முடித்துக் குடிவந்தது ஆவணிக் கடைசியில். இரண்டு மாதம் பூட்டு. அந்த வாடகை 28,000 போனது. பெயிண்ட், சில்லறை வேலைகள் 26,000. மொத்தம் 54,000. அவர்கள் தருவதாகச் சொன்னதைவிட எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது மாதம் ஆயிரம். விட்டதைப் பிடிக்க நாலரை வருடம் வேண்டும். புதிதாக வந்தவர்கள் இரண்டு வருடத்தில் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு யாருக்கு வாடகைக்கு விட்டாலும் ஒப்பந்தம் சித்திரை, வைகாசியில் முடிகிற மாதிரி பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கும் முன் வீடு தேடுகிறவர்கள் அதிகம். ஆடியிலும் மார்கழியிலும் ஒப்பந்தம் முடிந்தால் ஒரு மாதம் காலி என்று இப்போதே எழுதிக்கொள்ளலாம். நல்லபடியாக இருக்கிறவர்களுக்கு வருடத்துக்கு ஐந்து சதவீதம்தான் ஏற்றுகிறேன். ஒரு வருடம் ஏற்றவே இல்லை, 2020-ல். மேல்மாடிக்காரருக்குப் பாதிச் சம்பளம் வந்த காலம் அது. இரண்டு மாதம் பாதி வாடகை வாங்கினேன். சேமிப்புக் கணக்கில் வீட்டின் பங்கு இருந்ததால்தான் என்னால் அப்படிச் சொல்ல முடிந்தது.

காலி செய்யும்போது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாலு வருடம் ஒரு குடும்பம் வாழ்ந்தால் சுவர் அழுக்காகத்தான் செய்யும். காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டை இருக்கத்தான் இருக்கும். பெயிண்டின் ஆயுள் அவ்வளவுதான். அது நம் செலவு. உடைந்த கதவு, கழன்ற வாஷ்பேசின் என்றால் வேறு. அதற்குத்தான் குடிவரும் அன்றே இருவருமாக வீட்டைச் சுற்றி வந்து வீடியோ எடுத்து, ஃபேன் நாலு, டியூப்லைட் ஐந்து, சாவி மூன்று செட் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது. பெயிண்ட் செலவைக் குறைக்க நல்ல வழி, எல்லா அறைக்கும் ஒரே நிறம், துடைக்கக்கூடிய ரகம். ஷேட் நம்பரை டப்பா மூடியிலிருந்து நோட்டில் எழுதிவையுங்கள். மிஞ்சியதை இறுக்கி மூடி வைத்தால் அழுக்கான சுவரை மட்டும் பூசிக்கொள்ளலாம்.

வரிக் கணக்கில் மூன்று விஷயம்தான் சொல்வேன். சென்னை மாநகராட்சி அரையாண்டுச் சொத்து வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் அதற்கு மேல் வட்டி. அந்த வரியை நீங்கள் எந்த நிதியாண்டில் கட்டினீர்களோ அந்த ஆண்டின் வாடகை வருமானத்திலிருந்துதான் வருமான வரிக் கணக்கில் கழியும். பாக்கி வைத்தால் அந்த வருடம் கழியாது. அடுத்து, வாடகையில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்பு வகையறாவுக்கு என்று பில்லே இல்லாமல் கழித்துக்கொள்ளலாம். நிஜமாக எவ்வளவு செலவழித்தாலும் அதே முப்பதுதான். அதனால் பெயிண்ட் பில்லை வைத்து வரி குறையும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் புதிதாக அறை கட்டினாலோ போர் போட்டாலோ அந்தப் பில்லைப் பத்திரமாக வையுங்கள். வீட்டை என்றைக்காவது விற்கும்போது மேம்பாட்டுச் செலவாகக் காட்டலாம்.

மூன்றாவது, அக்கா மகனுக்காக. வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டி முழுவதையும் வாடகை வருமானத்தில் கழிக்கலாம். வட்டி அதிகமாகி நஷ்டம் வந்தால், பழைய வரிமுறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை சம்பளம் போன்ற மற்ற வருமானத்தில் ஈடுகட்டலாம். புதிய வரிமுறையில் அந்த ஈடு கிடையாது. அவன் அலுவலகத்தில் புதிய முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நஷ்டத்தைக் காட்டி வரி திரும்ப வரும் என்று காத்திருந்தான். இஎம்ஐ 38,000, வாடகை 20,000. மீதி பதினெட்டாயிரம் சம்பளத்திலிருந்துதான் போகிறது. “சும்மா வருது” என்று அவன் சொன்னபோது எனக்கு மனசு பொறுக்காததற்கு இதுவும் காரணம். அந்த ஃபிளாட்டில் இன்றைக்கு அவனுக்கு மிச்சம் என்று ஒன்றுமே இல்லை. வாடகையை வருமானமாக எண்ணி இன்னொரு கடன் வாங்கிவிடக் கூடாது.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் மடிப்பாக்கத்துக்காரி எப்படி முடிப்பேன்? 2015 டிசம்பரில் எங்கள் கீழ் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். சம்ப்புக்குள் சாக்கடை கலந்துவிட்டது. மோட்டார் போயிற்று, கதவுகள் ஊதிப் போயின. மேல்மாடிக் குடும்பம் எங்களை நாலு நாள் தங்கவைத்துச் சோறு போட்டது. அந்த வருடம் காப்பீடு இல்லை. 2021 ஏப்ரலிலிருந்து ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்று வீடுகளுக்கான பொதுவான பாலிசி எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் கிடைக்கிறது. தீ, வெள்ளம், புயல் எல்லாம் அதில் அடக்கம். நிலத்தின் விலையைச் சேர்க்காமல் கட்டடத்தைத் திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதற்குத்தான் காப்பீடு என்பதால், பிரீமியம் நான் பயந்த அளவுக்கு இல்லை. ஒரு மாத வாடகைக்கும் அடுத்த மாத வாடகைக்கும் நடுவே வந்து நிற்கக்கூடிய வெள்ளத்துக்கு அது மலிவு. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்றது. மோட்டாரையும் மெயின் ஸ்விட்சையும் 2016-லேயே நெஞ்சளவு உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டதால் அந்த முறை எதுவும் போகவில்லை.

வீட்டைப் பார்க்கிற ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஐநூறு ரூபாய் குறைவாகக் கேட்கிறார் என்று புது பிளம்பரைக் கூப்பிட்டால், எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது என்று அவருக்குத் தெரியாது. தேடுவதற்கே இரண்டு இடத்தில் உடைப்பார். எங்கள் பிளம்பர் தம்பி பத்து வருடமாக வருகிறார். கூலியில் பேரம் பேசுவதில்லை, வேலை முடிந்த அன்றே கையில் கொடுத்துவிடுவேன். தீபாவளி அன்று காலையில் மோட்டார் நின்றபோதுகூட வந்தார். வீட்டுக்குள் போவதற்கு முன் குடித்தனக்காரரிடம் ஒரு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். இருபத்து நாலு மணி நேர முன்னறிவிப்பு என்று சட்டமும் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் வாடகை கொடுக்கிறவரை அது அவர்கள் வீடு.

இப்போது மேல்மாடியில் இருக்கும் குடும்பத்துக்கு ஆறாவது வருடம் நடக்கிறது. அவர்கள் வீட்டுப் பாட்டி போன தைமாதம் குளியலறையில் வழுக்கிவிட்டார். நல்லவேளை, அடி படவில்லை. மறுநாள் சுவரில் ஸ்டீல் கைப்பிடி இரண்டு போட்டுக்கொடுத்தேன். சாமானும் கூலியும் சேர்த்து 1,800. பட்டியலில் அது யார் செலவு என்று பார்க்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனிடமிருந்து போன் வந்தது. குடித்தனக்காரரிடம் கேட்டுவிட்டு ஃபிளாட்டுக்குப் போயிருக்கிறான்.

“சித்தி, மஞ்சப்பொடி போட்டுப் பாத்தேன். ரெண்டு பாத்ரூம்ல ஒண்ணுல கிண்ணம் மஞ்சளாயிடுச்சு.”

“சரி, பழைய வாஷரைக் கழட்டிக் கையோட கடைக்கு எடுத்துட்டுப் போ. அளவு மாறினா மறுபடி கசியும்” என்றேன்.